துலக்கத் துலக்கத் தேயும் தெய்வம்: உலோகத் திருமேனிகளும் அவற்றின் பராமரிப்பும்

வியாழக்கிழமை மாலையானால் தமிழ்நாட்டில் பல வீடுகளின் பூசைச் சாமான்கள் துலக்கும் இடத்துக்கு வந்துவிடும். குத்துவிளக்கு, தூபக்கால், மணி, பஞ்சபாத்திரம் எல்லாம் வரும். அவற்றோடு சேர்ந்து பிள்ளையார், முருகன், லட்சுமி, தவழும் கண்ணன் என்று சிறிய பித்தளை விக்கிரகங்களும் வரும். ஊறவைத்த புளியில் கொஞ்சம் உப்பையும் சேர்த்துத் தேய்த்தால் மங்கிக் கிடந்ததெல்லாம் பொன்னாகப் பளபளக்கும். வெள்ளியன்று துலக்கக் கூடாது என்பதால் முந்தின நாளே இந்த வேலை முடிந்தாக வேண்டும்.

இந்தப் பளபளப்புக்கு உலோகம் ஒரு விலை கொடுக்கிறது. அது எவ்வளவு, எதனால் அது கூடுகிறது, கோயில்களும் அருங்காட்சியகங்களும் இதே சிக்கலை எப்படிச் சமாளிக்கின்றன, வீட்டில் இருப்பவர் என்ன செய்யலாம் என்பவற்றை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது. உலோகத் திருமேனிகள் மண்ணாலும் காற்றாலும் கெடுவது உண்டு. ஆனால் வழிபாட்டில் இருப்பவற்றை அதைவிட அதிகமாகத் தேய்ப்பவை அக்கறையுள்ள கைகளே.

பித்தளை, வெண்கலம், ஐம்பொன்

பராமரிப்பைப் பேசுமுன் கையில் இருப்பது எந்த உலோகம் என்று தெரிய வேண்டும். செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். கடையில் விற்கும் மஞ்சள் நிற விக்கிரகங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு செம்பும் மிச்சம் துத்தநாகமுமாக இருக்கும். வார்ப்பும் கடைசலும் எளிதாக இருப்பதற்காகச் சிறிது காரீயமும் சேர்ப்பதுண்டு. ஐம்பொன் என்பது செம்பு, வெள்ளி, பொன் ஆகியவற்றோடு வேறு இரண்டு உலோகங்கள் சேர்ந்தது என்பது மரபு. இன்றைய சுவாமிமலைப் பட்டறைகளில் செம்பே பெரும்பங்கு. அதற்கடுத்துப் பித்தளை, சிறிதளவு காரீயம். பொன்னும் வெள்ளியும் அடியார் கொடுப்பதற்கேற்ப ஒரு குன்றிமணி அளவாவது உருகும் உலோகத்தில் இடப்படும்.

சோழர் காலத் திருமேனிகளை எல்லோரும் ஐம்பொன் என்றே சொல்கிறோம். பெங்களூரு தேசிய உயர்நிலை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த சாரதா சீனிவாசன் தென்னிந்தியத் திருமேனிகள் பலவற்றின் உலோகக் கலவையை ஆய்ந்திருக்கிறார். அவற்றில் பெரும்பாலானவை வெள்ளீயமும் காரீயமும் கலந்த வெண்கலங்கள் என்றும், பொன்னும் வெள்ளியும் மிக நுண்ணிய அளவிலேயே உள்ளன என்றும் அந்த ஆய்வுகள் காட்டின.

பித்தளைத் திருமேனிகளின் பழைய வீடு வடக்கே இமயமலைப் பகுதி. இமாச்சலப் பிரதேசத்தில் சம்பா மாவட்டத்துப் பர்மோரில் உள்ள லட்சணா தேவி கோயிலின் மகிஷாசுரமர்த்தினி ஏறத்தாழ கி.பி. 700-ஐச் சேர்ந்த பித்தளைப் படிமம். மேருவர்மன் என்ற அரசனின் பெயரும் வார்த்த கலைஞன் குக்காவின் பெயரும் அதன் பீடத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. காசுமீரத்துச் சிற்பிகளும் பித்தளையையே விரும்பினர். துத்தநாகம் 907 பாகை செல்சியஸிலேயே ஆவியாகிவிடும் உலோகம். ஆகவே அதைத் தனியே பிரிப்பது எளிதல்ல. தாதுவோடு செம்பைச் சேர்த்துச் சூடாக்கி, ஆவியைச் செம்பு உறிஞ்சும்படி செய்வதே பழைய வழி. ஆவியைக் கீழ்முகமாக இறக்கிக் குளிரவைத்துத் துத்தநாகத்தைப் பெரும் அளவில் வடிக்கும் தொழில் இராசத்தானில் உதய்ப்பூருக்கு அருகே சாவரில் இடைக்காலத்தில் ஓங்கியிருந்தது. அதன் சூளைகளை அகழாய்வாளர்கள் கண்டெடுத்துள்ளனர். இன்று நாடு முழுவதும் விற்கும் பித்தளை விக்கிரகங்களில் பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்து முராதாபாத், அலிகர் பட்டறைகளிலிருந்து வருகிறது. நாச்சியார்கோயில் பித்தளைக் குத்துவிளக்கும் சுவாமிமலைத் திருமேனியும் புவிசார் குறியீடு பெற்ற தமிழ்நாட்டுத் தயாரிப்புகள்.

வெறும் கண்ணால் பார்த்துக் கலவையைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. மஞ்சள் தூக்கலாக இருந்தால் பித்தளை, செம்மை கலந்த பழுப்பு என்றால் செம்பு மிகுந்த கலவை என்று ஒருவாறு ஊகிக்கலாம். நகைக்கடைகளில் பொன்னின் மாற்றுப் பார்க்கும் எக்ஸ்ரே கருவியின் தத்துவத்திலேயே இயங்கும் கருவிகளைக் கொண்டு, படிமத்தைச் சுரண்டாமல் அதன் மேற்பரப்பின் கலவையை இப்போது அறிய முடிகிறது.

வார்ப்பு முறையும் பராமரிப்பும்

சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றும் மெழுகு வார்ப்பு முறையையே கையாள்கின்றனர். தென்னங்கீற்றின் ஓலையை மடித்து அளவு குறித்து, தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்ந்த கலவையில் உருவத்தைச் செய்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டலை மெல்லிய பூச்சாகப் பூசி, பிறகு கனத்த மண் சாத்தி, கம்பி கட்டி உலர்த்துகிறார்கள். சூட்டில் மெழுகு உருகி வெளியேற, அந்த வெற்றிடத்தில் உலோகம் இறங்குகிறது. அச்சை உடைத்தே திருமேனியை எடுக்க வேண்டும். ஆகவே ஒரு மெழுகுக்கு ஒரு திருமேனிதான். உளி கொண்டு செதுக்கிக் கடைசியில் கண் திறப்பார்கள்.

இப்படிச் செய்தவை பெரும்பாலும் உள்ளே கெட்டியான கன வார்ப்பு. சந்தையில் விலை குறைவாகக் கிடைப்பவற்றில் பல மண் அச்சில் பகுதி பகுதியாக வார்த்து ஒட்டிய கூடு வார்ப்பு. அடியில் ஓட்டை இருக்கும். தட்டினால் மணியோசை கேட்கும். கூட்டுக்குள் புகுந்த அபிஷேக நீரும் பாலும் எளிதில் வெளிவராது. ஒட்டுவாயிலும் உட்சுவரிலும் தேங்கி உள்ளிருந்தே அரிக்கும். எனவே கூடு வார்ப்பைக் கழுவினால் கவிழ்த்து வைத்து நீரை முழுதும் வடித்துக் காயவைப்பது கட்டாயம்.

இன்னொரு செய்தியையும் வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும். பல பித்தளை விக்கிரகங்களின் மேல் நிறம் மங்காமலிருக்க ஒளி ஊடுருவும் அரக்குப் பூச்சு இருக்கும். பழைமைத் தோற்றத்துக்காக இரசாயனத்தால் கருமை ஏற்றியவையும் உண்டு. முதல் வகையைப் புளி போட்டுத் தேய்த்தால் பூச்சு உரிந்த இடம் மட்டும் மின்னி, மற்றது மங்கித் திட்டுத் திட்டாகும். இரண்டாம் வகையில் காசு கொடுத்து வாங்கிய கருமையே போய்விடும். இவை இரண்டுக்கும் உலர்ந்த மென்துணியே போதும். அபிஷேகம் செய்யும் எண்ணம் இருந்தால் பூச்சில்லாத விக்கிரகத்தைக் கேட்டு வாங்குவதே சரி.

நிறம் சொல்லும் சேதி

மங்கிப்போன விக்கிரகம் எல்லாமே கெட்டுப்போனது என்று கொள்வது தவறு. எந்த நிறம், எந்தத் தன்மை என்பதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

பழுப்பு நிறம் அச்சமூட்டுவதல்ல. காற்றுப்பட்ட செம்பின்மேல் முதலில் படிவது ஆக்சைடு. அது சீராகவும் உலோகத்தோடு ஒட்டியும் இருக்கும்; அடியிலுள்ள உலோகத்துக்குக் காற்றும் ஈரமும் எளிதில் எட்டாமல் தடுக்கும். தினமும் கைபட்டு, துணியால் துடைக்கப்பட்டுவந்த பழைய விக்கிரகத்தின் ஆழ்ந்த தேன்பழுப்பு நிறம் பல ஆண்டுகளின் சேமிப்பு. அதை ஒரு மாலையில் தேய்த்துக் கரைத்துவிடலாம். திரும்பப் பெற மறுபடி அத்தனை ஆண்டுகள் வேண்டும்.

கருமை இரண்டு வழியில் வரும். எண்ணெய்த் திரி, கற்பூரம், ஊதுவத்தி ஆகியவற்றின் புகைக்கரி ஒன்று. இது மேலே படிந்தது. வெதுவெதுப்பான சோப்பு நீருக்கு வந்துவிடும். மற்றது காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் செம்போடு கூடி உண்டாக்கும் சல்பைடு. சாக்கடை, குப்பைமேடு அருகிலுள்ள வீடுகளில் இது விரைவாக வரும், துடைத்தால் போகாது.

பச்சையில்தான் கவனம் தேவை. விளக்கிலும், எண்ணெய்க்காப்பு இடும் விக்கிரகத்திலும் பிசுபிசுப்பாக மெழுகுபோல் ஒட்டியிருக்கும் பச்சை, எண்ணெயிலுள்ள கொழுப்பமிலம் செம்போடு சேர்ந்து உண்டானது. அழுக்கான இடுக்குகளில் இதை அதிகம் காணலாம். துடைத்தால் வரும், பெரிய ஆபத்தில்லை. நெடுநாள் ஈரக் காற்றில் இருந்தவற்றின்மேல் அடர்ந்து கெட்டியாகப் படியும் பச்சை, செம்பின் கார்பனேட்டு. இதுவும் ஓரளவு நிலைத்த படிவு.

மூன்றாவது வகை வேறு. வெளிறிய பச்சையில், பொடியாக, விரல் பட்டால் உதிர்வதாக, சிறு குழியிலிருந்து புள்ளி புள்ளியாகக் கிளம்புவது இது. அருங்காட்சியகத்தார் இதை வெண்கல நோய் என்பார்கள். உப்பிலிருந்து வந்த குளோரைடு உலோகத்துக்குள் புகுந்து செம்போடு சேர்ந்து தங்கிவிடுகிறது. ஈரமும் காற்றும் படும்போது அந்தச் சேர்மம் பச்சைப் பொடியாக மாறி ஐதரோகுளோரிக் அமிலத்தை விடுகிறது. அந்த அமிலம் புதிய செம்பை அரித்து மறுபடி குளோரைடாக்குகிறது. இந்தச் சுழற்சியைப் பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்தெலோ 1890-களிலேயே விளக்கினார். பொடியைத் துடைப்பதால் நோய் தீராது. உள்ளே குளோரைடு இருக்கும்வரை, ஈரம் கிடைக்கும்வரை அது தொடரும். காற்றின் ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் இது பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். ஆனால் சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி ஈரப்பதம் 60-ஐத் தாண்டியே இருக்கிறது. போதாததற்குக் கடற்காற்றிலேயே உப்பும் இருக்கிறது.

சைவ சித்தாந்தம் உயிரைப் பற்றியிருக்கும் ஆணவ மலத்துக்குச் செம்பிலுள்ள களிம்பை உவமை சொல்லும். செம்பு தோன்றியபோதே களிம்பும் உடன் இருந்தது என்பது அதன் கருத்து. வேதியியல் அப்படிச் சொல்லவில்லை. களிம்பு வெளியிலிருந்தே வருகிறது. பல வீடுகளில் அது உப்பு ஜாடியிலிருந்து வருகிறது.

புளி முதல் பாலிஷ் வரை

புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், தயிரில் லாக்டிக் அமிலம். இவை ஆக்சைடையும் கார்பனேட்டையும் கரைத்துப் புது உலோகத்தை வெளியே கொண்டுவருகின்றன. பளபளப்பு என்பது பழைய மேற்பரப்பு கரைந்துபோனதன் அடையாளம். அமிலம் நெடுநேரம் இருந்தால் பித்தளையில் இன்னொன்றும் நடக்கும். துத்தநாகம் செம்பைவிட எளிதில் கரையக்கூடியது. அது கரைந்து வெளியேற, செம்பு மட்டும் மேலே நின்று இளஞ்சிவப்புத் திட்டாகத் தெரியும். புளியில் இரவெல்லாம் ஊறப்போட்ட பித்தளை மறுநாள் சிவந்து தெரிவது இதனால்தான். அது அழுக்கல்ல. மேலும் தேய்த்தால் சரியாகிவிடும் என்று தொடர்ந்து தேய்த்தால் இழப்புத்தான் கூடும்.

ஆனாலும் புளியை முற்றாகத் தள்ள வேண்டியதில்லை. சில நிமிடங்களில் தேய்த்து, நிறைய நீரில் அலசி, உடனே துடைத்துவிட்டால் வார்ப்புப் பித்தளைக்கு அது தாங்கக்கூடியதே. தள்ள வேண்டியது அதோடு சேர்க்கும் உப்பை. உப்பு அமிலத்தின் வேகத்தைக் கூட்டுகிறது, பரலாக இருந்து சுரண்டுகிறது, அலசிய பின்பும் நுண்குழிகளில் குளோரைடாகத் தங்கிவிடுகிறது. மூன்றும் கேடே. எலுமிச்சைத் தோலில் உப்பைத் தொட்டுத் தேய்ப்பது, வினிகரும் உப்பும் கலந்து ஊறவைப்பது எல்லாம் இதே கணக்கில் வரும்.

விபூதியால் உலர்வாகத் துடைப்பது பழைய வழக்கம். மிக நைசாகச் சலித்த திருநீறு மென்மையாகத் தேய்க்கும். எண்ணெய்ப் பிசுக்கையும் உறிஞ்சும். கரடுமுரடான திருநீறும் செங்கல் தூளும் கோடு போடும். செங்கல் தூள் விளக்கின் தண்டுக்கு ஆகலாம், தெய்வத்தின் முகத்துக்கு ஆகாது. பாத்திரம் துலக்கும் பவுடர், தேங்காய் நார், இரும்பு நார், பச்சை நிற ஸ்க்ரப்பர் ஆகியவற்றுக்கும் இதே தீர்ப்பு. கடையில் விற்கும் துலக்கும் பொடிகளில் பெரும்பாலும் அமிலமும் தேய்ப்புப் பொருளும் சேர்ந்திருக்கின்றன. வேலை விரைவாக முடியும். உலோகமும் விரைவாகக் குறையும்.

திரவ மெட்டல் பாலிஷ்களில் சிலவற்றில் அம்மோனியா உண்டு. பித்தளைக்கும் அம்மோனியாவுக்கும் உள்ள பகையை உலகம் இந்தியாவில்தான் கற்றது. ஆங்கிலேயப் படை மழைக்காலத்தில் பித்தளைத் தோட்டா உறைகளைக் குதிரை லாயங்களில் சேமித்தது; அவை காரணம் தெரியாமல் வெடித்து விரிசல் கண்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவே காரணம் என்பது 1921-இல் உறுதியாயிற்று. இழுத்தும் அடித்தும் உருவாக்கிய பித்தளையின் உள்ளிறுக்கத்தோடு அம்மோனியா சேரும்போது இந்த விரிசல் வருகிறது. வார்த்த விக்கிரகத்துக்கு இந்த ஆபத்து குறைவு. ஆனால் தகட்டை அடித்துச் செய்த கவசம், திருவாசி, குடை ஆகியவற்றுக்கு அம்மோனியா கலந்த பாலிஷ் வேண்டவே வேண்டாம். பாலிஷின் இன்னொரு தொல்லை, இடுக்குகளில் வெள்ளைப் பொடியாகக் காய்ந்து தங்குவது. அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

கோயில் திருமேனிகள்

வீட்டு விக்கிரகத்தைவிடப் பல மடங்கு கடுமையான வாழ்வு கோயில் உற்சவருடையது. எண்ணெய், பால், தயிர், தேன், பஞ்சாமிர்தம், எலுமிச்சைச் சாறு, இளநீர், மஞ்சள், சந்தனம், திருநீறு என்று அபிஷேகப் பொருள்கள் நீளும். அமிலம், சர்க்கரை, உப்பு, தேய்ப்புப் பொருள் எல்லாமே அதில் உண்டு. ஆகம மரபு ஒவ்வொரு பொருளுக்கும் இடையே நீராட்டைச் சொல்கிறது. அது வழிபாட்டு முறை மட்டுமல்ல, உலோகத்தைக் காக்கும் முறையும்கூட. அமிலம் நெடுநேரம் நிற்பதில்லை, தேனும் பாலும் காய்ந்து ஒட்டுவதில்லை. அவசர அபிஷேகத்தில் இந்த இடை நீராட்டைச் சுருக்கும்போதுதான் கேடு தொடங்குகிறது.

நூற்றாண்டுகளாக வழிபாட்டில் இருக்கும் பல திருமேனிகளில் மூக்கும் உதடும் மழுங்கி, கண்ணின் கோடு மறைந்திருப்பதைக் காணலாம். மண்ணுக்கடியில் கிடந்து வெளிவந்தவை இவற்றைவிடக் கூர்மையாக இருப்பதும் உண்டு. தஞ்சாவூர் கலைக்கூடத்தில் உள்ள திருவெண்காட்டு ரிஷபவாகனர் 1011-ஐ ஒட்டிய காலத்தவர். 20-ஆம் நூற்றாண்டில் மண்ணிலிருந்து மீண்டவர். அவருடைய சடைச் சுற்றின் ஒவ்வொரு வரியும் இன்றும் தெளிவாக இருக்கிறது. தேய்ந்துபோன முகத்தை மறுபடி செதுக்கிப் புதுப்பிக்கும் வழக்கம் நிலைமையை இன்னும் மோசமாக்குகிறது. பத்தாம் நூற்றாண்டு முகத்தில் இருபதாம் நூற்றாண்டின் கண் வந்து அமர்ந்துவிடுகிறது.

பின்னமான திருமேனியைச் சீர்செய்ய ஆகமத்தில் வழி உண்டு. தெய்வ சக்தியைக் கும்பத்தில் ஏற்றிவிட்டு, ஸ்தபதியிடம் சீர்செய்து, மீண்டும் பிரதிஷ்டை செய்வார்கள். செம்மை செய்வதா, புதிதாக வார்ப்பதா என்பது எந்த உறுப்புப் பழுதானது என்பதைப் பொறுத்தது. வழிபாட்டில் இருக்கும் திருமேனியை அருங்காட்சியகப் பொருள்போல் தொடாமல் வைக்கச் சொல்வது நியாயமல்ல. அபிஷேகம் பெறுவதற்காகவே அது வார்க்கப்பட்டது. ஆனால் மிகப் பழைய உற்சவருக்குத் திருமஞ்சனத்தை முக்கிய நாட்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற நாட்களில் சிறிய அபிஷேக மூர்த்திக்குச் செய்வது மரபுக்கும் உலோகத்துக்கும் ஒத்துவரும் வழி.

களவுக்கு அஞ்சிச் சிறு கோயில்களின் திருமேனிகளை இந்து சமய அறநிலையத் துறை திருவாரூர் முதலிய ஊர்களின் பாதுகாப்பு மையங்களில் வைத்திருக்கிறது. ஆயிரக்கணக்கான திருமேனிகள் இப்படி இருக்கின்றன. கள்வரிடமிருந்து இது காப்புத்தான். ஆனால் காற்றோட்டமில்லாத மூடிய அறை ஈரத்தையும் பூட்டிவைக்கும். பூட்டுக்கு அளிக்கும் அதே கவனத்தை ஈரப்பதத்துக்கும் அளித்தாலே அந்தக் காப்பு முழுமையாகும்.

அருங்காட்சியகம் கற்ற பாடம்

1311-இல் மாலிக் காபூரின் படையெடுப்பு முதலாகப் பல நெருக்கடிகளில் தமிழகக் கோயில்களின் திருமேனிகள் மண்ணில் புதைக்கப்பட்டன. இன்றும் அவை கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் குடமுழுக்கு வேலைக்காகத் தோண்டியபோது இருபதுக்கும் மேற்பட்ட ஐம்பொன் திருமேனிகளும் தேவாரம் பொறித்த நானூற்றுக்கும் மேற்பட்ட செப்பேடுகளும் வெளிவந்தன. மண்ணின் உப்பை உறிஞ்சிய இத்தகைய திருமேனிகள் வெளிக்காற்றுப் பட்டதும் வெண்கல நோய்க்கு ஆளாவது இயல்பு.

இந்தச் சிக்கலை எதிர்கொள்ளவே சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-இல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் தொடங்கியது. எஸ். பரமசிவன் அதன் முன்னோடி. மின்பகுப்பு முறையில் குளோரைடை நீக்கிப் பல திருமேனிகளை அந்தக் கூடம் மீட்டது. அந்த முறை நோயைத் தீர்த்தாலும் மேற்பரப்பின் பழைய படிவையும் உரித்துவிடும். எனவே பின்னாளில் உலகெங்கும் பாதுகாப்பாளர்களின் எண்ணம் மாறியது. நோயுள்ள புள்ளியை மட்டும் இயந்திரக் கருவியால் நீக்குவது, பென்சோடிரையசோல் என்னும் சேர்மத்தால் செம்பை அடக்கிவைப்பது, மேலே மெழுகோ ரெசினோ பூசுவது, ஈரப்பதத்தைக் குறைத்து வைப்பது என்று வழிகள் வளர்ந்தன. பென்சோடிரையசோல் நச்சுத்தன்மை கொண்டது; பயிற்சி பெற்றவர் கையாள வேண்டியது. அது வீட்டுப் பொருளல்ல.

இந்த நூறாண்டு அனுபவத்தின் சாரம் எளியது. உரித்தெடுப்பதைவிடக் காரணத்தை நீக்குவது மேல். ஈரத்தை விலக்கினால் பாதி வேலை முடிந்தது.

வீட்டுக்கான நெறி

வீட்டு விக்கிரகத்துக்கு அன்றாடம் வேண்டியது உலர்ந்த பருத்தித் துணி ஒன்றே. பழைய வேட்டித் துணி இதற்கு மிகப் பொருத்தம். பூவைச் சார்த்தினால் மறுநாள் காலையில் களைந்துவிட வேண்டும். வாடிய பூ ஈரத்தைப் பிடித்துவைக்கும். சந்தனமும் குங்குமமும் ஒரு பொட்டளவு போதும். நெற்றியிலும் கழுத்திலும் அடை அடையாகக் காய்ந்து கிடக்கும் குங்குமத்தின் அடியில்தான் குழி விழுகிறது.

மாதம் ஒருமுறையோ விசேஷத்துக்கு முன்போ நீராட்டலாம். வெதுவெதுப்பான நீரில் மென்மையான திரவச் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, மெல்லிய பல்துலக்கியால் இடுக்குகளைத் துடைக்க வேண்டும். காய்ந்த பிசுக்கை எடுக்க மூங்கில் குச்சி நல்லது; ஊசியும் கத்தி நுனியும் கூடாது. ஆழ்குழாய்க் கிணற்றின் உப்பு நீர்தான் வீட்டில் இருக்கிறது என்றால் கடைசி அலசலுக்காவது சுத்திகரித்த குடிநீரைப் பயன்படுத்துங்கள். பிறகு உடனே துடைத்து, கூடு வார்ப்பைக் கவிழ்த்து, காற்றோட்டமான இடத்தில் நன்றாகக் காயவிட வேண்டும். நீரைத் தானாகக் காயவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் நிற்கும்.

பளபளப்பு வேண்டும் என்ற ஆசையை ஆண்டுக்கு ஓரிரு முறைக்குச் சுருக்கிக்கொள்ளுங்கள். நீர்த்த புளிக்கரைசலை உப்பில்லாமல், துணியில் தொட்டு, சில நிமிடங்களில் முடித்து, தாராளமாக அலசலாம். முகத்தையும் கையின் முத்திரைகளையும் தேய்க்காமல் தொட்டுத் துடைத்தால் போதும். விளக்கு வாரந்தோறும் எண்ணெயும் கரியும் படியும் பொருள். அதை வாரந்தோறும் துலக்கலாம். விக்கிரகத்தை அந்தக் கூட்டத்தோடு சேர்க்கக் கூடாது. வீட்டில் மாற்ற வேண்டிய ஒரே வழக்கம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

துலக்கிய பின் ஒளி நீடிக்க, வழிபாட்டில் இல்லாத அலங்கார உருவங்களுக்கு நிறமற்ற மெழுகை மெல்லியதாகப் பூசித் துணியால் தேய்த்துவிடலாம். நல்லெண்ணெய் பூசி அப்படியே விடுவது பலர் செய்வது. எண்ணெய் காலப்போக்கில் பிசினாகித் தூசியையும் பச்சையையும் சேர்க்கும். எண்ணெய்க்காப்பு இட்டால் அன்றே சோப்பு நீரால் நீக்கிவிடுவது நல்லது.

அபிஷேகப் பிரசாதம் உட்கொள்வோருக்கு ஓர் எச்சரிக்கை. புளிப்புப் பொருள் செம்பையும், கலவையில் இருந்தால் காரீயத்தையும் கரைக்கும். பித்தளை விக்கிரகத்தின்மேல் நெடுநேரம் நின்ற தயிரையும் பஞ்சாமிர்தத்தையும் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம். உண்பதற்கானதைத் தனியே நிவேதனமாக வைத்துக்கொள்ளலாம்.

வெளிறிய பச்சைப் பொடி உதிர்வதைக் கண்டால் நீராட்டை நிறுத்துங்கள். சிலிகா ஜெல் பொட்டலங்களோடு மூடிய பெட்டியில் வைத்து, அருங்காட்சியகப் பாதுகாப்பாளரின் ஆலோசனையைக் கேளுங்கள். மற்ற விக்கிரகங்களுக்கு இது தொற்றிவிடும் என்ற பயம் தேவையில்லை. ஆனால் உதிர்ந்த பொடியில் குளோரைடு இருப்பதால் தனியே வைப்பதே நல்லது.

ஆவணமும் ஒரு பராமரிப்பே

சீர்செய்யக் கொடுத்த இடத்திலேயே தெய்வம் மாறிப்போன வரலாறு நமக்கு உண்டு. தஞ்சை மாவட்டத்துச் சிவபுரத்தில் 1951-இல் மண்ணிலிருந்து கிடைத்த நடராசர், 1950-களில் பழுதுபார்க்க அனுப்பப்பட்டார். கோயிலுக்குத் திரும்பி வந்தது நகல். 1965-இல் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் டக்ளஸ் பேரட் எழுதிய நூலில் இச்செய்தி வெளியாயிற்று. மூலவடிவம் அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளையிடம் போய்ச் சேர்ந்திருந்தது. நீண்ட வழக்குக்குப் பின் 1986-இல்தான் இந்தியா திரும்பியது. களவுபோன ஸ்ரீபுரந்தான் நடராசரை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008-இல் விலைக்கு வாங்கியது, 2014-இல் திருப்பியளித்தது. களவுபோன தமிழகத் திருமேனிகள் பலவற்றை அடையாளம் காட்டியவை புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய ஒளிப்படங்கள். 1956 முதல் அந்நிறுவனத்தார் ஊர் ஊராகச் சென்று எடுத்த படங்கள் இல்லையென்றால் வழக்குகளில் பாதி நின்றிருக்காது.

சிறு கோயிலுக்கும், பரம்பரை விக்கிரகம் உள்ள வீட்டுக்கும் பாடம் ஒன்றே. முன், பின், இரு பக்கம், பீடத்தின் அடி என்று படம் எடுத்து, உயரத்தையும் எடையையும் தழும்புகளையும் எழுதி வையுங்கள். பழுதுபார்க்கக் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் அதோடு ஒப்பிடுங்கள். நூறாண்டுக்கு மேற்பட்ட உலோகச் சிற்பம் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட வேண்டியது. அதைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துச்செல்வது குற்றம். மண்ணிலிருந்து கிடைத்த திருமேனியை வருவாய்த் துறையிடம் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். அப்படிக் கிடைத்ததைப் புளி போட்டுக் கழுவிப் பார்ப்பது சட்டத்துக்கும் ஆகாது, உலோகத்துக்கும் ஆகாது. ஒட்டியிருக்கும் மண்கூட ஆய்வாளருக்குச் சான்று.

தொகுத்துச் சொன்னால், பராமரிப்பு எவ்வளவு தேவை என்பதை உலோகத்தின் வகையும் அது இருக்கும் இடமும் முடிவு செய்கின்றன. வழிபாட்டில் இருப்பதற்கு அபிஷேகத்தின் இடையிடையே நீராட்டும் உடனடி உலர்த்தலும் வேண்டும். பழமை மிக்கதற்குத் துணியும் உலர்ந்த இடமும் போதும், துலக்கல் கூடாது. அலங்காரத்துக்கு வாங்கியதன் பூச்சைக் காத்தால் போதும். மூன்றுக்கும் பொதுவாக உப்பும் ஈரமும் பகை. அடுத்த வியாழக்கிழமை விளக்குகளைத் தாராளமாகத் துலக்குங்கள். விக்கிரகங்களை மட்டும் துணியால் துடைத்து மாடத்திலேயே விட்டுவிடுங்கள்.